பெரியப்பாவின் ரேடியோவைத் திறந்தபோது

பெரியப்பா தவறி ஒரு வருஷம் முடிய ஏழு வாரம் இருந்தது. திதிக்கு என்னென்ன சமைப்பது, யார் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டிருந்த பெரியம்மா திடீரென்று நிறுத்தி, முன்கூடத்து மூலையைப் பார்த்தார். "அந்த ரேடியோவ ஒரு தடவ பேச வைக்க முடியுமா, கண்ணு?"

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குப் போகிற யாருக்கும் அந்த ரேடியோ தெரியும். மரப்பெட்டி, முன்னால் தங்க நூல் கலந்த துணி, வலது பக்கம் பச்சையாக ஒளிரும் ஒரு கண். பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லாமல், மேலே ஒரு துணியும் சாமி படமுமாக இருந்தது. நான் லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருப்பவள். மின்சுற்று பழக்கம்தான் என்றாலும், டிரான்சிஸ்டருக்கு முந்திய, கண்ணாடிக் குழல்களால் இயங்கும் வால்வு ரேடியோவை அதுவரை திறந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஏழு வார இறுதிகளின் பதிவு இது.

பெரியப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1938-ல் பிறந்தவர். 1960-ல் நீர்ப்பாசன வடிகால் இலாகாவில் சேர்ந்தார், எல்லாரும் 'டி.ஐ.டி.' என்பார்கள். கிள்ளான் ஆற்றிலும் கோம்பாக் ஆற்றிலும் நீர்மட்டம் பார்ப்பது, ஓட்டத்தின் வேகம் அளப்பது, மழைமானிகளைச் சுற்றி வந்து கணக்கெடுப்பது அவர் வேலை. அப்போது அரசாங்க உத்தியோகத்தில் 55 வயதில் ஓய்வு. 1993-ல் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர், பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தார். தபால்தலை, தூண்டில், ஆர்க்கிட் செடிகள், புகைப்படம், சிற்றலை வானொலி, வீட்டு முற்றத்தில் மழை அளப்பது என்று ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். மீன்பிடி நண்பருக்கு அவர் தபால்தலை சேர்த்தது தெரியாது. ஆர்க்கிட் வாங்கிப்போகும் அம்மாவுக்கு அவர் ரேடியோ திறப்பது தெரியாது. நானும் அவையெல்லாம் தனித்தனி அறைகள் என்றுதான் நினைத்திருந்தேன், அந்தப் பின்பலகையைக் கழற்றும் வரைக்கும்.

முதல் சனிக்கிழமை பெட்டியை மேசைக்கு நகர்த்தியதும் கண்ணில் பட்டது பிளக். ஆர்க்கிட் தொட்டியில் குத்தி வைப்பார்களே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று மெல்லிய செம்புக்கம்பியால் அதில் கட்டியிருந்தது. பென்சிலில் அவர் கையெழுத்து: "போடாதே. கப்ளிங் கண்டென்சர் ஒழுகுகிறது. 2013."

அப்போது அவருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது, கையும் நடுங்கும். தன்னால் இனி ஈயம் உருக்கி இணைப்பு வைக்க முடியாது என்று தெரிந்த பிறகு, அடுத்து திறப்பவருக்கு எழுதிக் கட்டிவிட்டு மூடியிருக்கிறார். இந்தச் சீட்டு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். பழைய ரேடியோவைப் பரண் மேலிருந்து இறக்கி, "வேலை செய்யுதா பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவதுதான் பலரும் செய்கிற தவறு. கப்ளிங் கண்டென்சர் என்பது கடைசி வால்வுக்கு ஒலியை மட்டும் அனுப்பி, நேர்மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. அது ஒழுக ஆரம்பித்தால் வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் பாசிட்டிவ் மின்னழுத்தம் ஏறி, வால்வு தாங்காத மின்னோட்டத்தை இழுக்கும். வால்வு போகும், கூடவே ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். வால்வு இன்றும் கிடைக்கிறது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பதுதான் கஷ்டம்.

திறந்ததும் வால்வுகளின் பெயரைப் படித்தேன். இ.சி.எச். 81, இ.பி.எஃப். 89, இ.சி.எல். 82, இ.இசட். 80, பச்சைக் கண்ணுக்கு இ.எம். 80. ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 'இ' என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், பெரும்பாலும் உள்ளே மெயின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். எல்லாம் 'யு' என்று தொடங்கினால் ஹீட்டர்கள் வரிசையாகக் கோக்கப்பட்டு, உறுப்புகளைப் பொருத்திய உலோகச் சட்டமான சேஸிஸே நேராக மின்கம்பியில் தொடர்பு கொண்டிருக்கலாம். அப்படிப்பட்டதைத் தொடுவதற்கு முன்னால் தெரிந்தவரிடம் போய்விடுங்கள். இ வரிசை கிடைத்தது என் அதிர்ஷ்டம். அதற்காக இது சாது என்று நினைக்கக் கூடாது. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கலாம். ஒரு ரெசிஸ்டரை வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையை உள்ளே விட்டேன். மின்சாரம் ஓடும்போது அளக்கவேண்டி வந்தால், நெஞ்சு வழியாக மின்சாரம் பாயாதபடி இடது கை சட்டைப்பைக்குள்.

பின்பலகையின் உட்பக்கத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் மடித்துச் செருகிய பழைய ரேடியோ லைசென்ஸ் காகிதங்கள். அதன் கீழே கட்டம் போட்ட தாளில், ஆற்றின் குறுக்குவெட்டு வரைகிற அதே சுத்தத்தோடு, டயல் முள்ளை நகர்த்தும் நூல் எந்தக் கப்பியில் எப்படிச் சுற்றுகிறது என்ற படம். பக்கத்தில் ஒரு புகைப்படம்: சேஸிஸைக் கவிழ்த்து மேலிருந்து எடுத்தது. குளியலறையில் கறுப்புத்துணி கட்டி அவரே கழுவிப் பிரதி எடுத்த படம். பின்னால் 1968 என்று போட்டிருந்தது. ஒவ்வொரு கண்டென்சர், ரெசிஸ்டர் மீதும் மையால் நுணுக்கி எண் எழுதியிருந்தார். கம்பிகளிலோ அதே ஆர்க்கிட் பட்டைகள், குட்டியாக நறுக்கி: "1974 மாற்றியது", "இது சரி, தொடாதே". மை மங்கிய இடங்கள் உண்டு. பென்சில் எழுத்து ஒன்றுகூட மங்கவில்லை. வெயிலிலும் மழையிலும் தொட்டியில் கிடக்கிற பட்டைக்கு பென்சில்தான் சரி என்று செடிக்காரர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு தூசி தட்டியதோடு சரி. மறுநாள் ஒரு தப்பு செய்தேன். டயல் கண்ணாடியின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தேன். சிற்றலை வரிசையில் 49 மீட்டர் என்று எழுதியிருந்ததில் 4 துணியோடு வந்துவிட்டது. பழைய டயல்களில் எழுத்து கண்ணாடியின் பின்புறம் மெல்லிய வண்ணமாகத்தான் ஒட்டியிருக்கும். அறுபது வருஷத்துக்குப் பிறகு வெறும் தண்ணீரே போதும் அதைக் கழற்ற. முன்பக்கம் துடைக்கலாம், பின்பக்கம் காய்ந்த மென்தூரிகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த 4 போனது இன்னும் எனக்கு வலிக்கிறது.

பெட்டியின் அடிப்பலகை அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. அந்த இடுக்குகளில் மாவு போல மஞ்சள் வண்டல். பெரியம்மாவிடம் காட்டியதும், "எழுவத்தொண்ணு வெள்ளம்" என்றார். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் முங்கியபோது அவர்கள் ஆற்றோரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பெரியப்பா நீர்மட்டம் பார்க்கப் போய் வீட்டுக்கு வரவே இல்லை. மேசைக்கால் முழுக்க முங்கி, பெட்டியின் அடியைத் தண்ணீர் தொட்டபோது பெரியம்மா தனியாளாக அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்திருக்கிறார். "துணிமணி எல்லாம் போச்சு. இத மட்டும் தூக்கிட்டேன். வந்தா இததான் கேப்பாரு." வண்டலைச் சுரண்டி எடுத்து, அடுக்குகளுக்குள் மரப்பசையை ஊசிக்குழலால் செலுத்தி, இரண்டு பக்கமும் பலகை வைத்து இறுக்கி ஒரு வாரம் விட்டேன். சுரண்டிய வண்டலைப் பெரியம்மா ஒரு சிமிழில் வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, நான்காவது வாரம் முழுக்கக் கண்டென்சர் வேலை. மெழுகும் தாரும் பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஒன்பது. அவர் 1974-ல் மாற்றிய நான்குக்கும் இப்போது வயதாகிவிட்டது. சந்தேகத்துக்குரிய கப்ளிங் கண்டென்சரைக் கழற்றி, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியில் 250 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். நல்லதாக இருந்தால் நூற்றுக்கணக்கில் காட்ட வேண்டிய மெகாஓம் இரண்டைக்கூடத் தொடவில்லை. அவர் காதால் கண்டுபிடித்ததைக் கருவி உறுதி செய்தது.

புதியதற்கு ஜாலான் பசாருக்குப் போனேன். புடுவில் அந்தத் தெரு முழுக்க மின்னணு உதிரிபாகக் கடைகள்தான். 0.01 மைக்ரோஃபாரட், 0.047, 0.1 என்று எல்லாம் 630 வோல்ட் பாலியெஸ்டர் வகை. பழையதைவிடத் தாங்கும் வோல்ட் அளவு குறையக் கூடாது. மின்வடிகட்டும் பெரிய எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர், ஒரே குடுவையில் 50+50 மைக்ரோஃபாரட். அதே அளவில் ஒன்றாகக் கிடைக்கவில்லை. 450 வோல்ட்டில் 47 மைக்ரோஃபாரட் இரண்டு வாங்கினேன். பழைய அலுமினியக் குடுவையைக் கழற்றாமல், கம்பியை மட்டும் விடுவித்து, புதியவற்றைச் சேஸிஸின் அடியில் ஒளித்தேன். மேலே இருந்து பார்த்தால் பெரியப்பா விட்டுப்போன மாதிரியே இருக்க வேண்டும். எலெக்ட்ரோலைட்டிக்கில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறினால் வெடிக்கும்; மூன்று தடவை பார்த்துவிட்டே ஈயம் வைத்தேன். ஒன்றை வெட்டி, ஒன்றை வைத்து, புகைப்படத்தில் அந்த எண்ணின் மேல் ஒட்டிய மெல்லிய தாளில் குறியிட்டுவிட்டே அடுத்ததற்குப் போவது. மொத்தமாகக் கழற்றினால் திரும்ப எங்கே வைப்பதென்று தெரியாது.

ரெசிஸ்டருக்குக் கடைக்குப் போகவே இல்லை. அவருடைய தபால்தலை அலமாரியின் கடைசி இழுப்பறையில், தலைகளைப் போட்டு வைக்கிற பளபளப்பான தாள் உறைகளில், மதிப்பு வாரியாக அடுக்கியிருந்தார். உறையின் மேல் நாட்டின் பெயர் எழுதுகிற இடத்தில் "1 மெகாஓம்", "220 கிலோஓம்". அந்த நுணுக்கமான முனைகளைப் பிடித்து ஈயம் வைக்க என் மூக்கு பிளையரை விடத் தபால்தலைச் சாமணம்தான் சுலபமாக இருந்தது. அதன் தட்டை நுனியில் ஈயக்கறை முன்பே இருந்தது.

நிலையங்களைப் பிரித்தெடுக்க உதவும் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களின் திருகுகளில் சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. சுரண்டிப் பார்க்கப் போனவள் நிறுத்திவிட்டேன்: அரக்கு. வெளிநாட்டு நண்பர்களுக்குப் பதிவுத் தபாலில் தலைகள் அனுப்பும்போது உறையில் முத்திரை வைக்க வாங்கியது. அலைவரிசை ஒத்திசைந்த பிறகு யாரும் திருகிவிடாதபடி அதை உருக்கி ஊற்றியிருக்கிறார். அவற்றை நான் தொடவில்லை. தெரியாமல் ஒரு சுற்று திருப்பினால்கூட, சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

ஐந்தாவது வாரம் டயல் நூல். அறுந்த துண்டை விரலில் உருட்டிப் பார்த்தபோதே தெரிந்தது, தூண்டில் நூல். கோல சிலாங்கூரில் விடியற்காலையில் அவர் பின்னால் உட்கார்ந்து எத்தனை தடவை அதைச் சிக்கெடுத்திருக்கிறேன். வழவழவென்ற ஒற்றை நைலான் அல்ல, பின்னல் நூல். ஒற்றை நைலான் நீளும், தண்டில் வழுக்கும். பின்னல் நூல் பிடித்துக்கொள்ளும். அவர் தூண்டில் பெட்டியில் அதே சுருள் இன்னும் இருந்தது. கட்டத்தாளில் போட்ட நீளம் 140 சென்டிமீட்டர். டியூனிங் தண்டில் இரண்டரைச் சுற்று, பெரிய சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு ஸ்பிரிங், கப்பிகள் மூன்று. நான்கு கை வேண்டிய வேலை. பெரியம்மா ஒரு விரலால் நூலை அழுத்திப் பிடிக்க, நான் சுற்றினேன். மூன்றாவது முயற்சியில் முள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தடங்கலில்லாமல் நகர்ந்தது. முடிச்சும் தூண்டில்காரர் முடிச்சுதான், எனக்குப் பத்து வயதில் அவர் சொல்லிக்கொடுத்தது.

ரப்பர் உதிர்ந்துபோன மின்கம்பியை மாற்றி, எர்த் உள்ள மூன்று கம்பி போட்டு, பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். மின்னழுத்தத் தேர்வி 245-ல் இருந்தது, பக்கத்தில் ஒரு பட்டையும்: "நம் வீட்டில் 240. 220-க்குத் திருப்பாதே." திருப்பியிருந்தால் ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் ஏழு வோல்ட்டுக்குக் கிட்டத்தில் போய், வால்வுகளின் ஆயுள் குறைந்திருக்கும்.

ஆறாவது சனி. நேராக மின்சாரம் கொடுக்காமல் ஒரு 60 வாட் குண்டு பல்பை வரிசையில் இணைத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து ரேடியோவைக் காப்பாற்றும். எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. இழை உள்ள பழைய பல்பே வேண்டும். அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை; செந்தூலில் ஒரு பழைய வன்பொருள் கடையில் அட்டைப்பெட்டியோடு இரண்டு இருந்தன. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கியது. நல்ல அறிகுறி. வால்வுகளில் செம்மஞ்சள் ஏறியது. அரை நிமிஷத்தில் பச்சைக் கண் விசிறி போல விரிந்தது, மங்கலாகத்தான், ஆனால் விரிந்தது. பல்பை எடுத்துவிட்டு அளந்தேன். முதல் வடிகட்டியில் 262 வோல்ட். இ.சி.எல். 82-ன் கிரிட்டில் பூஜ்யம். அங்கே பாசிட்டிவ் இல்லை என்பதைப் பார்த்ததும் மூச்சு வந்தது. எல்லாம் சரி.

சத்தம் மட்டும் இல்லை.

சத்தமே இல்லை என்றால் முழுமையாக இல்லை. ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. முள்ளை நகர்த்தினால் பச்சைக் கண் மட்டும் சுருங்கி விரிகிறது. அதாவது நிலையங்களை அது பிடிக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் தொட்டால் 'டக்' என்று சத்தம் வருகிறது. ஸ்பீக்கர் நல்லது, டிரான்ஸ்ஃபார்மரும் நல்லது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. புகைப்படத்தில் அந்தக் கம்பி நேராகப் போகிறது. நிஜத்தில் அது மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வளைந்து மறைந்தது. படம் 1968-ல் எடுத்தது. இது அதற்குப் பிறகு வந்த வேலை.

டார்ச் அடித்து, பல் மருத்துவர் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். சேஸிஸின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச். பக்கத்தில் இயர்ஃபோன் துளை. சுவிட்சை ஒட்டி ஒரு பெரிய ரெசிஸ்டர், 5 ஓம், 5 வாட். அதைப் பார்த்ததும் புரிந்தது. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை இருக்காது; சுமையில்லாமல் ஓடினால் உள்ளே தீப்பொறி தாவி அது கெடலாம். ஸ்பீக்கர் இல்லாத நேரத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்த ரெசிஸ்டர். சுவிட்சின் இரண்டு பக்கமும் இரண்டு பட்டைகள். ஒன்றில் "பகல்". மற்றொன்றில் "இரவு – பிள்ளை தூங்குகிறாள். 1989".

1989-ல் எனக்கு 13 வயது. எஸ்டேட்டிலிருந்து இடைநிலைப் பள்ளியில் படிக்க அந்த வீட்டுக்கு வந்தேன். முன்கூடத்தில்தான் எனக்குப் பாய். இரவில் கண் விழித்தால் பெரியப்பா இருட்டில் உட்கார்ந்து அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சத்தமே இருக்காது. ரேடியோ பழுதாகிவிட்டது, வருத்தத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஐந்து வருஷம் அப்படித்தான் நினைத்தேன். கேட்கத் தோன்றவே இல்லை. எந்தப் பக்கக் காதில் இயர்ஃபோனைச் செருகியிருந்தாரோ, அது என் பக்கம் இல்லை.

சுவிட்ச் 'இரவு' பக்கமே இருந்தது. நான் போன பிறகும் அவர் திருப்பவில்லை. பெரியம்மாவும் முன்னேரமே தூங்கிவிடுவார். காண்டாக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து தடவை முன்னும் பின்னும் தள்ளி, 'பகல்' பக்கம் நிறுத்தினேன். முன்கூடம் முழுக்கக் கரகரவென்று இடிச்சத்தம். எங்கோ சிலாங்கூர் பக்கம் மின்னல். அதற்கு நடுவில் 31 மீட்டரில் சீன மொழியில் ஒரு பெண் குரல். பெரியம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோ மேல் கையை வைத்து, மரத்தில் வருகிற அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திதிக்கு முதல் நாள் இன்னொரு சிறு வேலை செய்தேன். பின்னால் கிராமபோனுக்கு உள்ள இரட்டைத் துளையில் கைபேசியைச் சேர்த்தேன். இடது, வலது இரண்டு ஒலித்தடத்துக்கும் ஒவ்வொரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து ஒன்றாக்கினால் போதும். இப்போது காலையில் மலேசியத் தமிழ் வானொலியான மின்னல் எஃப்.எம். அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து வருகிறது, பழைய ஒலிபரப்பு மாதிரியே உருண்டையான குரலில்.

அவருடைய நோட்டுப் புத்தகங்களை அந்த வாரம்தான் எடுத்தோம். இடது பக்கத்தில் காலை எட்டு மணி மழை, வலது பக்கத்தில் இரவு கேட்ட நிலையங்கள். மழை ஆரம்பத்தில் அங்குலத்தில், எழுபதுகளில் மில்லிமீட்டருக்கு மாறுகிறது. நிலையத்துக்கு எதிரே ஐந்து எண்கள்: சிக்னல், குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து ஐந்து வரை; ஐந்துதான் மிக நல்லது, எண் குறைந்தால் இரைச்சல் அதிகம். சிற்றலை கேட்பவர்கள் 'சின்போ' என்பார்கள். இலங்கை, லண்டன் தமிழோசை என்று பக்கம் பக்கமாக. இந்த அறிக்கையை நிலையங்களுக்கு அனுப்பினால் அவர்கள் உறுதி அட்டை அனுப்புவார்கள். அட்டை ஓர் ஆல்பத்துக்கு, உறையிலிருந்த தலை தபால்தலை ஆல்பத்துக்கு. இரைச்சல் 2 என்று போட்ட இரவுக்கு அடுத்த நாள் இடது பக்கத்தில் பெரும்பாலும் மழை இருக்கிறது.

கடைசி நோட்டைப் புரட்டியபோது கையெழுத்து மாறியது. அவர் தவறிய நாளுக்கு நான்கு நாள் கழித்து, இடது பக்கம் மறுபடி தொடங்கியிருந்தது. பெரியம்மா எழுத்து. முற்றத்தில் இன்னும் அந்த எட்டு அங்குல வாய் உள்ள மழைமானி நிற்கிறது. விழுந்த தண்ணீரைச் சாதாரண அளவுக் குடுவையில் ஊற்றி, 32.4 மில்லிலிட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்று வகுக்க வேண்டும். வகுக்கிற சிரமம் வேண்டாமென்று பெரியப்பா ஒரு அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து ஒரு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதி வந்திருக்கிறார்.

"வலது பக்கம் எனக்குத் தெரியாது," என்றார். "அத நீ எழுது."

பென்சிலை வாங்கி எழுதினேன். இரவு 9.40. 31 மீட்டர். சீன மொழி, பெண் குரல், செய்தி போல இருந்தது. 33232. காலையில் பெரியம்மா பக்கத்தில் சேர்த்தார்: 22 மி.மீ.